ஆமாம், வேண்டாம்

1

அந்தச் சாம்பல் நிற உறை இந்த முறை வந்த நாளும், நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. இருபத்திரண்டு வருடம் முடிந்தது என்று என் மனைவி ரேவதி கேசரி கிளறியிருந்தாள். மேசையில் ஒரு பக்கம் கேசரி, மறுபக்கம் உறை. நான் கேசரியை எடுத்தேன். உறைக்குள் என்ன இருக்கும் என்று தெரியும், பிரிக்கத்தான் தைரியம் வரவில்லை.

ஐதராபாத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இந்த உறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் வருடத்துக்கு நாலு தடவை மக்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அல்ல, அந்தத் தேர்தல் தனியாக நடக்கிறது. இது இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி. பாராளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லை என்றால் நூறு நாளில் ஐம்பதாயிரம் கையெழுத்துத் திரட்டினால் போதும், அந்தச் சட்டம் மக்கள் முன்னால் வந்து கைகட்டி நின்றாக வேண்டும். அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டும் என்றால் ஒரு லட்சம் கையெழுத்து, பதினெட்டு மாத அவகாசம். போர் விமானம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மாட்டுக்குக் கொம்பு வளரவிடும் விவசாயிக்கு உதவித்தொகை கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். நாட்டுக்கு இரண்டு கேள்வி, மாநிலத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று எல்லாம் ஒரே உறையில் வரும்.

வாக்குச்சீட்டில் கேள்வி அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம். அதில் நம் கையாலேயே 'யா' அல்லது 'நைன்' என்று எழுத வேண்டும். ஆம் அல்லது இல்லை. இதிலென்ன குழப்பம் என்று நீங்கள் கேட்பீர்கள். பாராளுமன்றம் போட்ட சட்டத்தை ஒரு கூட்டம் எதிர்த்தால், சட்டத்தை ஏற்கிறீர்களா என்று கேள்வி வரும், எதிர்ப்பவர் நைன் என்று எழுத வேண்டும். அதே கூட்டம் ஒன்றைத் தடை செய்யச் சொல்லிக் கிளம்பினால், தடையை ஏற்கிறீர்களா என்று கேள்வி வரும், அந்த ஒன்றை எதிர்ப்பவர் யா என்று எழுத வேண்டும். ஆக, வேண்டாம் என்பவன் ஒரு மாதம் இல்லை என்கிறான், இன்னொரு மாதம் ஆம் என்கிறான். குடியுரிமை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, இன்னமும் ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

2

குடியுரிமை நேர்காணலிலேயே இந்த வம்பு தொடங்கிவிட்டது. எதிரே இருந்த அதிகாரி, உங்கள் மீது வழக்கு எதுவும் நடக்கவில்லையே என்று கேட்டார். நான் மிகுந்த பணிவோடு 'யா' என்றேன்.

நம் பேச்சில் அது சரி. நீ சாப்பிடலையா என்று கேட்டால் ஆமா, சாப்பிடலை என்போம். தெலுங்கில் அவுனு, நம்ம ஊர் தக்கணி உருதுவில் ஹவ். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதுதானே மரியாதை. ஜெர்மன் காதில் அது ஆமாம், வழக்கு நடக்கிறது என்று விழுந்தது. அதிகாரியின் பேனா நின்றது. மேசைக்கு அடியில் ரேவதி என் காலை மிதித்தாள். நான் பதறிப்போய் 'நைன்' என்றேன். அதற்குப் பிறகு என்ன வழக்கு, எந்த ஊரில் என்று அவர் கால் மணி நேரம் விசாரித்தார்.

கடைசியில் அவர் யாழ்ப்பாணத்தில் எந்தப் பகுதி என்று கேட்டார். இங்கே தமிழ் என்றால் யாழ்ப்பாணம்தான். ஐதராபாத் என்றேன். அது தமிழ் ஊரா என்றார். இல்லை என்றேன். அவர் தாளில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் வளர்ந்த லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் தெலுங்குப் பையன்கள் எங்களை 'அரவம்' என்று கூப்பிட்டார்கள், தெலுங்கில் தமிழருக்கு அந்தப் பெயர். வேலூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தெலுங்குக்காரங்க வந்துட்டாங்க என்றார்கள். நான் யார் என்ற கேள்விக்கு யா, நைன் இரண்டில் எதையும் என்னால் அந்தக் கட்டத்தில் எழுத முடிந்ததில்லை.

3

இந்த முறை உறையில் இருந்த ஊர்க் கேள்வி என் வயிற்றில் கை வைக்கும் கேள்வி.

எங்கள் ஊர் சின்ன ஊர். ஒரு மருந்துத் தொழிற்சாலை, அதன் பின்னால் ஒரு பெரிய புல்வெளி, புல்வெளி ஓரம் ஓடை. தொழிற்சாலையில் நான் ஷிப்ட் மேற்பார்வையாளன். புல்வெளியில் புதுக் கூடம் கட்ட நிர்வாகம் அனுமதி கேட்டது. கட்ட முடியாவிட்டால் எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்குக் கொண்டுபோவோம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எந்த நாடு என்று ஒருவர் கேட்டார். இந்தியா, ஐதராபாத் என்று பதில் வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வயது ஐம்பத்து நாலு. பிரிவு ஐதராபாத் போகும், நான் போக மாட்டேன். இந்த வயதில் இங்கே வேறு வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

புல்வெளியில் எதுவும் கட்டக் கூடாது என்று ஊரில் ஒரு கோரிக்கை கிளம்பியது. கையெழுத்துத் திரட்டினார்கள். திரட்டியவர்களில் ஒருத்தி என் மகள் மாலினி.

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓடையில் வசந்தத்தில் தேரைகள் முட்டையிட வரும். வழியில் சாலை குறுக்கிடுகிறது, வண்டியில் அடிபடும். அதனால் சாலையோரம் முழங்கால் உயரத்துக்குத் திரை கட்டி, நடுநடுவே வாளி புதைத்துவைப்பார்கள். தேரைகள் வாளியில் விழும். காலையில் ஊர்க்காரர்கள் வந்து அவற்றைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். மாலினி எட்டு வயதில் பள்ளியோடு போய் ஆரம்பித்தாள், அப்புறம் விடவில்லை. காலை ஷிப்டுக்கு முன்னால் நானும் கூடப் போவேன். அவள் ஜெர்மனில் எண்ணுவாள், நான் தமிழில் எண்ணுவேன், கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இப்போது அவளுக்கு இருபது வயது. தமிழ் புரியும், பதில் ஜெர்மனில் வரும். சாப்பாட்டு மேசையில் மட்டும் அம்மா இன்னொரு கரண்டி எடுத்தால் தட்டின் மேல் கையை விரித்து 'வேணாம்' என்பாள். குழந்தையில் அவள் முதலில் திருத்தமாகச் சொன்ன தமிழ்ச்சொல் அது. இப்போது மிச்சம் இருப்பதும் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. என் அப்பா வேலூர்த் தமிழில் கேட்டதற்கெல்லாம் நான் தெலுங்கிலும் இந்தியிலும் பதில் சொன்னவன்.

கையெழுத்துத் திரட்டிய நாட்களில் ஒரு மாலை, வெளியூரில் கம்பெனிப் பயிற்சி முடிந்து ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். ஸ்டேஷன் வாசலில் கூட்டம். யாரோ அட்டையை நீட்டி, வணக்கம், உங்களுக்கு இந்த ஊரில் ஓட்டுரிமை உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்கள். நிமிர்ந்தால் மாலினி. அவளும் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகும் அவள் பேனாவை நீட்டியபடியே இருந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வீட்டில் அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அந்தப் பேனா என் கண்ணிலேயே நின்றது.

கையெழுத்து சேர்ந்துவிட்டது. புல்வெளியைக் காலியாக விட வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கிறீர்களா என்று கேள்வி வந்துவிட்டது. ஏற்றால் யா. யா என்றால் கட்டடம் இல்லை.

4

தாமு போன் செய்தான். தாமுவும் நானும் லாலாகூடாவில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து யூனிட்டில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கிளம்பி வந்துவிட்டேன், அவன் அங்கேயே இருக்கிறான். விஷயம் எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது.

"சேகர், உங்க ஊர் லைன் இங்க வரப்போவுதாமே. எங்க மாப்பிள்ளை பி.ஃபார்ம் முடிச்சிட்டுச் சும்மா கீறாரு. அங்க நீ நக்கோன்னு போட்டுடு, இங்க ஹவ் ஆயிடும்."

அப்படி இல்லை, நக்கோ என்று மறுத்தால் வராது, அங்கே வருவதற்கு நான் இங்கே ஹவ் என்றுதான் போட வேண்டும் என்றேன். கேள்வி அப்படி இருக்கிறது என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே சந்தேகம் வந்தது.

"கைக்கு ரா இப்டிச் சுத்திச் சுத்திக் கேக்கறாங்க? சரி, எதுக்காம் கட்டக் கூடாது?"

தேரைக்காக என்றேன். எதுக்கு என்று அவன் மறுபடி கேட்டான். பிறகு, தவளைக்கு ஓட்டுப் போடற ஊர்ல உன்ன வெச்சாங்களே என்று சிரித்தான். தவளை இல்லை, தேரை என்று திருத்தினேன். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு வரவில்லை.

ஜீடிமெட்லா யூனிட்டில் வேலை செய்த காலத்தில் சட்டையில் ஒரு வாசனை ஏறும், துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வார். எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஓடிய தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால் எந்தக் கிழமை என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்போம்? வேலை வேண்டும் என்றுதான் சொல்லியிருப்போம். தாமு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான். அவனிடம் போய்ப் புல்வெளியைப் பற்றி எப்படிப் பேசுவது?

5

குழப்பம் எங்கள் குடும்பச் சொத்து. லாலாகூடா குடியிருப்பில் ஒருமுறை புதுத் தண்ணீர்க் குழாயைக் கிழக்குக் கோடியில் வைப்பதா, மேற்குக் கோடியில் வைப்பதா என்று தகராறு. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். கிழக்குக்கு எண்ணினார்கள், மேற்குக்கு எண்ணினார்கள், கூட்டிப் பார்த்தால் வந்திருந்த ஆட்களைவிட ஒரு கை அதிகம். மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் அதிகம். கடைசியில் பிடிபட்டவர் என் அப்பா. இரண்டு தடவையும் தூக்கியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் நம்மாளுங்கதானே" என்றார். ரயில்வே பணிமனையில் கடைசல் இயந்திரத்தில் முடி அளவு பிசகாத மனிதர் அவர். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை உட்கார்ந்து சீட்டுகளை நிரப்பினேன். ரேவதி இரண்டு நிமிடத்தில் எழுதி ஒட்டிவிட்டாள். எது எழுதினாள் என்று கேட்டேன். ரகசிய ஓட்டு என்றாள். நாட்டுக் கேள்விகளையும் மாநிலக் கேள்வியையும் ஒருவழியாக முடித்தேன். ஊர்க் கேள்வி மட்டும் பாக்கி. வேண்டுமா, வேண்டாமா, வேண்டுமா, வேண்டாமா என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது. ஜெர்மனில் வேலை பார்க்கிறேனே தவிர நான் யோசிப்பது தமிழில்தான். ஒரு கட்டத்தில் கை எழுதிவிட்டது. சீட்டை மடித்துச் சின்ன உறையில் போட்டு, அடையாளச் சீட்டில் கையெழுத்திட்டு, பெரிய உறையை ஒட்டி, ஊர் அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை பல் துலக்கும்போது சட்டென்று உறைத்தது. யா எழுதினேனா, நைன் எழுதினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் உண்மை. என் வேலையையும் மகளையும் நண்பனையும் தராசில் வைத்து எழுதிய ஒற்றைச் சொல் எது என்று எனக்கே தெரியவில்லை.

6

இதில் இன்னொரு கூத்து. இந்த முறை வாக்கு எண்ணும் பணிக்கு ஊர் அலுவலகம் எனக்குக் கடிதம் போட்டிருந்தது. இங்கே ஊர்க்காரர்களை முறை வைத்துக் கூப்பிடுவார்கள், தட்ட முடியாது. ஞாயிறு காலை ஐந்து பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தலைமை திருமதி கெல்லர், ஊர்ச் செயலாளர். சீட்டுகளை யா, நைன் என்று பிரித்து அடுக்க வேண்டும். யா அடுக்கும் நைன் அடுக்கும் போட்டி போட்டு உயர்ந்தன. ஒவ்வொரு சீட்டையும் இது என் கையெழுத்தா என்று பார்த்துப் பார்த்து வைத்தேன்.

எதிரில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒரு சீட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்த எழுத்து என்றார். சீட்டு கைமாறி திருமதி கெல்லரிடம் போனது. அவர் அதை என் பக்கம் திருப்பினார்.

கட்டத்துக்குள் அழகாக, புள்ளி உட்பட, 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது. என் எழுத்து. ண்டாவில் நான் போடும் அந்தச் சுழி.

திரு கோவிந்தசாமி, இது என்ன சொல்கிறது என்று கெல்லர் கேட்டார். என் அப்பாவின் பெயர்தான் இங்கே எனக்கு வழங்கும் பெயர். அந்த நேரத்தில் அவரையே எழுப்பி நிறுத்திக் கேட்டது போலிருந்தது.

விருப்பமில்லை என்று அர்த்தம் என்றேன். அப்படியானால் நைன் என்றார் தபால்காரர். பக்கத்திலிருந்த இளம் ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை, கட்டடம் வேண்டாம் என்றுகூட இருக்கலாமே, அப்படியானால் இது யா என்றாள். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் மொழியில் எது சரி?

இரண்டும் சரி என்றேன். எங்கள் மொழியில் எது என்று சொல்லாமலே வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியும் என்றேன்.

தபால்காரர் பெருமூச்சு விட்டு, இது ரொட்டிக்கடை மாடியில் இருக்கும் சிவநேசன் வீட்டு ஓட்டாக இருக்கும் என்றார். சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் சமையல், ஊரில் எங்களைத் தவிர இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பம். முப்பது வருடமாக ஒரு ஓட்டைத் தவறவிடாதவர், தப்பில்லாத ஜெர்மன் எழுதுகிறவர். பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் இருக்க முடியவில்லை.

"அது என் சீட்டு" என்றேன்.

திருமதி கெல்லர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாக்கு ரகசியமானது, நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை என்றார். சீட்டைச் செல்லாத சீட்டுகளின் பெட்டியில் போட்டுவிட்டு, யாருக்குக் காப்பி வேண்டும் என்று கேட்டார்.

மதியம் முடிவு ஒட்டினார்கள். கோரிக்கை நிறைவேறியது. வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் ஒரு ஓட்டில் புரண்டுவிடும் அளவுக்குச் சின்னதும் இல்லை. புல்வெளி பிழைத்தது. எங்கள் பிரிவு ஐதராபாத்துக்குப் போகும்.

7

வீட்டுக்கு வந்தபோது மாலினி சமையலறையில் இருந்தாள். வெற்றி பெற்றவள் தோழிகளோடு இருப்பாள் என்று நினைத்தேன். சேற்றுக் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இனி உங்களுக்கு என்ன ஆகும் என்று ஜெர்மனில் கேட்டாள். தெரியாது என்று தமிழில் சொன்னேன். கோபமா என்றாள். இல்லை என்றேன். கோபம் இல்லைதான். பயம் இருந்தது, அதையும் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

பிறகு நான் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாத விஷயம், ஆனால் என் சீட்டுதானே. யா, நைன் இரண்டும் எழுதாமல் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன், செல்லாமல் போய்விட்டது என்றேன். என்ன எழுதினீர்கள் என்றாள்.

"வேண்டாம்னு எழுதிட்டேன்."

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டின் மேல் வைப்பது போல அவள் கை தானாக விரிந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, தமிழில் கேட்டாள்.

"எது வேணாம்ப்பா?"

இத்தனை வாரமாக வாக்குச்சீட்டும் நிர்வாகமும் தாமுவும் கேட்ட கேள்வி எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இதற்கு இருந்தது. ரேவதி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல நீ பேனாவ நீட்டின. நான் வாங்காம போனேன். அந்த மாதிரி இன்னொரு வாட்டி வேணாம்."

மாலினி குனிந்து சேற்றுக் காலணியைக் கழற்றினாள். ஜெர்மனில்தான் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஆமா, வேணாம்" என்றாள்.